தடைக்காலத்துக்கு எந்தப் பாட்காஸ்ட்: அரசியலா, சட்டமா, பண்பாடா, அன்றாடச் சந்தேகமா?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் ஜூன் 14 வரை, 61 நாளைக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று எங்கள் பக்கம் முழுக்க அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், கிழிந்த வலையை விரித்துப் போட்டுக்கொண்டு நாள் பூராவும் தைப்பார்கள். கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். போன தடைக்காலத்தில் விசைப்படகில் போகிற என் மச்சான் ஒருவர், "மாப்ள, பாட்டு கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு, உருப்படியாப் பேசுறது எதாச்சும் போன்ல ஏத்திக் குடு" என்றார். அவருக்குப் பாட்காஸ்டுகளை, அதாவது போனில் இறக்கி வைத்துக் கேட்கிற பேச்சு நிகழ்ச்சிகளை, ஏற்றிக் கொடுத்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேட்டார்கள். எதைக் கேட்கலாம், எதை விடலாம், ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் இந்தக் கரைக்குப் புதுசு இல்லை. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு எங்கள் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாக விழுந்த காலம் உண்டு. பி.எச். அப்துல் ஹமீதின் குரலை இன்றைக்கும் அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை வானொலியில் வந்தது, இலங்கைப் போர்க்காலத்தில் அதைக் கேட்காமல் சாப்பிட உட்காராதவர்கள் இருந்தார்கள். இப்போது பாம்பனில் இருந்து கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலியே வருகிறது, காற்று, அலை, மீன் விவரம் என்று நம்ம ஊர்ச் சங்கதியை நம்ம ஊர்ப் பேச்சில் சொல்கிறது. ஆனால் இந்தியாவில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். தனியார் பண்பலைக்கும் கிட்டத்தட்ட இதே விதி. ஆகவே அரசியலும் சட்டமும் நிதானமாகப் பேசிக் கேட்க வேண்டும் என்றால், காது வழியாகப் பாட்காஸ்டைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

சரி, எதை எடுப்பது. பாட்காஸ்ட் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. நான் தரம் பார்க்கிற வழி ஒன்றுதான்: நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு சங்கதியை அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பது. நமக்கு அது கச்சத்தீவு, பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தத்தால் இலங்கைப் பக்கம் போன சின்னத் தீவு. இங்கே பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட அதைப் பற்றி ஏதாவது தெரியும், அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வந்தவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார், அந்தப் பக்கம் பிடிபட்டுத் திரும்பியவரும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். அரைகுறையாகப் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். நாலு வகைப் பாட்காஸ்டையும் இந்த ஒன்றை வைத்தே ஒப்பிடுகிறேன். கீழக்கரையிலோ தொண்டியிலோ இருப்பவர் தன் ஊருக்குத் தெரிந்த வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம், வழி ஒன்றுதான்.

முதலில் அரசியல். தமிழில் அதிகமாகக் கிடைப்பது இதுதான், தினமும் வருகிறது, பேச்சும் சுலபமாக இருக்கும். விகடனின் இம்பர்ஃபெக்ட் ஷோ மாதிரி அன்றைய செய்தியை எடுத்து உட்கார்ந்து பேசுகிற நிகழ்ச்சிகளை வேலை செய்துகொண்டே கேட்கலாம், நடுவில் நாலு நிமிடம் விட்டுப்போனாலும் தொடர்பு அறுந்துவிடாது. ஆங்கிலம் பழக்கம் இருந்தால் தி இந்துவின் இன் ஃபோகஸ், இந்தியன் எக்ஸ்பிரஸின் த்ரீ திங்ஸ் இரண்டும் அந்தந்தத் துறையைப் பின்தொடரும் செய்தியாளரையோ வல்லுநரையோ கூப்பிட்டுக் கேட்கின்றன, கத்தல் கிடையாது.

கச்சத்தீவை வைத்துப் பார்த்தால் குறை தெரிகிறது. அரசியல் பாட்காஸ்டில் கச்சத்தீவு எப்போது வரும்? 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் பிரதமர் அதைப் பேச எடுத்தபோது வந்தது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி தீவை மீட்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோது வந்தது. இரண்டு முறையும் பேச்சு யார் கொடுத்தார்கள், யார் தடுக்கவில்லை, இப்போது யார் கேட்கிறார்கள் என்பதைச் சுற்றியே போனது. கட்சிக்குக் கட்சி கணக்குத் தீர்க்கிற பேச்சு அது. அடுத்த வாரம் படகோடு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வரி, விட்டால் அரை வரி. தினசரி நிகழ்ச்சியின் இயல்பு அப்படி, இன்றைக்குச் சூடாக இருப்பதை இன்றைக்கே பேசி முடிக்க வேண்டும், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வருஷம் முழுக்க நம்மை அலைக்கழிக்கிற ஒரு விஷயத்தை அந்தத் தட்டில் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு குறையைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் ஊரில் சிலருக்குப் பிடிக்காது. நம் பக்கத்து அரசியல் பேச்சில் யாழ்ப்பாணத்து மீனவரின் குரல் அநேகமாகக் கேட்பதே இல்லை. அவரும் தமிழர்தான். போர்க்காலத்தில் அவர்களைக் கடலுக்கே சரியாக விடவில்லை. 2009-இல் போர் முடிந்து கடன் வாங்கி வலை வாங்கிக் கடலுக்கு வந்தால், கடலடியோடு வலை இழுத்துப் போகிற நம்முடைய இழுவைமடிப் படகுகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன என்பதுதான் அவர்களின் புகார். நம் கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்கள் விசைப்படகு மேல் வைக்கிற புகாரும் அதேதான். இதைச் சொல்கிறவர்களை ஒரு முறையாவது உட்கார வைத்துக் கேட்காத அரசியல் பாட்காஸ்ட், கச்சத்தீவைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசினாலும் பாதிதான் பேசுகிறது. ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் ஒலிபரப்பு, பாட்காஸ்டாகவும் கிடைக்கிறது, இரண்டு கரைத் தமிழர்களும் அதைக் கேட்கிறார்கள், அதனால் இலங்கைச் செய்தியை இலங்கைத் தமிழர் வாயால் கேட்க வாய்ப்பு உண்டு. அரசியலுக்கு என் முடிவு: தினமும் வேண்டாம். வாரம் ஒரு முறை, நீளமான உரையாடலாக, எதிர்க்கரையின் குரலும் இருக்கிறதாகத் தேடிக் கேளுங்கள்.

அடுத்தது சட்டம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கரையில் அரசியல் என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி எங்கோ ஒரு தாளில் எழுதியிருக்கிற சட்டம்.

கச்சத்தீவு பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஒப்பந்தம்தான். அதன் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்கு இலங்கை விசாவோ பயண ஆவணமோ கேட்காது என்கிறது. ஆறாவது பிரிவு, இரண்டு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் வழக்கமாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. இதைப் படித்தவுடன் "அப்ப நாம மீன் பிடிக்கலாமே" என்று தோன்றும். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா எல்லை ஒப்பந்தத்தோடு இரு அரசுகளும் கடிதம் பரிமாறிக்கொண்டன. ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மற்ற நாட்டு நீரில் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் வந்துவிட்டது. தீவில் இளைப்பாறலாம், வலை காயவைக்கலாம், திருவிழாவுக்குப் போகலாம், மீன் மட்டும் பிடிக்க முடியாது என்று தில்லி திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அடிப்படை இதுதான். ஒப்பந்தத்தில் இருந்த உரிமையை ஒரு கடிதம் எடுத்துவிட முடியுமா என்பது வக்கீல்கள் இன்னும் வாதாடுகிற கேள்வி. இந்த இரண்டு ஆண்டுகளையும் பிரித்துச் சொல்லாமல் "எழுபதுகளில் தாரை வார்த்தார்கள்" என்று ஒரே மூச்சில் தாண்டிப் போகிற நிகழ்ச்சியை நான் அத்தோடு நிறுத்திவிடுவேன்.

அப்புறம் பெருபாரி. வங்காளத்தில் உள்ள பெருபாரி என்ற பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கிற விஷயத்தில், நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது, அதன்படி 9-ஆவது திருத்தமும் வந்தது. கச்சத்தீவுக்கு அப்படி ஒரு திருத்தம் வரவில்லை. 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனபோதும், 2011-இல் தமிழக அரசு அந்த வழக்கில் சேர்ந்தபோதும் கையில் இருந்த முக்கியமான வாதம் இது. ஒன்றிய அரசின் பதில் வேறு: அது எல்லை வரையறுக்கப்படாமல் தகராறில் இருந்த இடம், நாங்கள் தகராறைத் தீர்த்தோம், இந்திய நிலம் எதையும் கொடுக்கவில்லை என்பது. கேட்கிறவருக்கு இரண்டு வாதமும் கையில் கிடைத்துவிட்டால், அடுத்த மேடையில் யார் என்ன பேசினாலும் எடைபோட்டுக்கொள்ளலாம். நல்ல சட்டப் பாட்காஸ்ட் செய்வது இதைத்தான்.

கடலில் பிடிபடுகிறவர் கதையும் சட்டக் கதைதான். ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு, மீன்பிடிக் குற்றத்துக்கு வெளிநாட்டு மீனவரைச் சிறையில் போடக் கூடாது, பிணை கட்டினால் படகையும் ஆளையும் சீக்கிரம் விட வேண்டும் என்கிறது என்று நம் ஊரில் அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவு தனிப் பொருளாதார மண்டலத்துக்கு (12 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரையான பகுதிக்கு) உரியது, இரு நாடுகளுக்கும் வேறு ஏற்பாடு இல்லாதபோது பொருந்துவது. பாக் நீரிணையை 1974 ஒப்பந்தமே வரலாற்று நீர்ப்பரப்பு என்று பெயர் வைத்துத்தான் பிரித்தது. அதனால்தான் அந்த வாதம் நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமாக நிற்பதில்லை. இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடை செய்தது, 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது. யாழ்ப்பாணப் பக்கத்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் விளக்கமறியல் (விசாரணைக் காவல்) நீட்டிப்பு, ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு விடுதலை, படகு மட்டும் அங்கேயே நிற்பது, உரிமையாளர் நேரில் வந்து வழக்காட வேண்டும் என்பது, இந்த வார்த்தைகள் எல்லாம் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த வார்த்தைகளின் பின்னால் இருக்கிற நடைமுறையை ஒரு முறை ஒழுங்காகக் கேட்டுவிட்டால், பிடிபட்ட வீட்டுப் பெண்கள் அலுவலகத்தில் போய் நிற்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து நிற்பார்கள். இதற்காகவே நான் சட்டத்தை முதல் இடத்தில் வைக்கிறேன்.

குறையும் இருக்கிறது, பெரிய குறை. தமிழில் ஒழுங்கான சட்டப் பாட்காஸ்ட் குறைவு. இருக்கிறவற்றில் பல, குற்றக் கதையைச் சட்டம் என்று சொல்லி விற்கின்றன. கொலை, தேடுதல், பிடிபடுதல் என்று கேட்க விறுவிறுப்பாக இருக்கும், முடிந்தபின் எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், எந்த நிலையில் வழக்கு என்று கேட்டால் ஒன்றும் மிஞ்சாது. அமெரிக்காவில் 2014-இல் வந்த சீரியல் என்ற தொடர் ஒரே ஒரு கொலை வழக்கைத் தோண்டியதில் அந்த வழக்கே மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது, அப்படிப்பட்ட உழைப்பு அபூர்வம், அதைப் பார்த்து எடுத்தவை எல்லாம் அப்படி இல்லை. சட்டத்தைக் கதையாகச் சொல்ல முடியும் என்பதற்கு நான் காட்டுவது மோர் பர்ஃபெக்ட். அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்குகளை ஒன்றொன்றாக எடுத்து, வழக்குப் போட்டது யார், அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதில் இருந்து தொடங்குகிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அதில் ஒரு வரிகூட இல்லை, ஆனாலும் ஒரு வழக்கை எப்படிக் கேட்க வேண்டும் என்று காது பழகும். ஆங்கிலம் வேகமாக இருக்கும், ஓட்டத்தை 0.8-க்குக் குறைத்துக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீதிமன்றத்தையே நேரடியாகக் கேட்கவும் இப்போது வழி உண்டு. 2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை நேரலையாகக் காட்டுகிறது. வலை தைத்துக்கொண்டு கேட்கிற சரக்கு இல்லை அது, பாதி நேரம் எந்தப் பக்கம், எந்த இணைப்பு என்று தாள் புரட்டுகிற சத்தம்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வேன்.

தரம் பார்க்க ஒரு சின்னச் சோதனை: இடைக்கால உத்தரவையும் இறுதித் தீர்ப்பையும் பிரித்துச் சொல்கிறார்களா? மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கிற சுருக்குமடி வலை விஷயத்தில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு வெளியே, வாரத்தில் இரண்டு நாள், நிபந்தனைகளோடு அனுமதித்தது. அது இடைக்கால உத்தரவு. "சுருக்குமடிக்குத் தடை நீங்கியது" என்று கடற்கரை முழுக்கப் பரவியது. அதை நம்பி 12 மைலுக்கு உள்ளே வலை போட்டவன் கதி என்ன ஆகும்? இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிற நிகழ்ச்சி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஆபத்து.

இன்னொன்று. பாட்காஸ்ட் கேட்பது வக்கீலைப் பார்ப்பதற்குப் பதில் ஆகாது. சொந்த வழக்கு என்று வந்துவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பண்பாட்டுப் பாட்காஸ்ட்டுக்கு வருவோம். தமிழில் இந்தப் பக்கம் வளம் இருக்கிறது. தீபிகா அருணின் கதை ஓசை மாதிரி, தமிழ்க் கதைகளை நல்ல உச்சரிப்போடு வாசிக்கிறவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க ஏற்றவை. ஆங்கிலத்தில் பிபிசியின் இன் அவர் டைம் 1998 முதல் வருகிறது, ஒரு பொருளுக்குப் பொதுவாக மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், சுற்றி வளைப்பு இல்லை. தமிழில் அப்படி மூன்று அறிஞர்கள் உட்கார்ந்து ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைப் பற்றியோ மரைக்காயர்களின் கப்பல் வாணிபத்தைப் பற்றியோ நாற்பது நிமிடம் பேசுகிற ஒரு தொடர் வந்தால் முதல் ஆளாகக் கேட்பேன்.

நம் கரையைப் பற்றிய பண்பாட்டு நிகழ்ச்சிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வெளியூரில் இருந்து பேசுகிறவர்களுக்கு ராமநாதபுரம் கடற்கரை என்றால் இரண்டே இடம், ராமேஸ்வரம் கோயில் பிரகாரம், அப்புறம் தனுஷ்கோடி. தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர் புயல், கடலில் போன ரயில், இடிந்த தேவாலயம், பேய் நகரம். அங்கே இன்றைக்கும் கம்பிப்பாடு, பாலம் என்ற குடியிருப்புகளில் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன, கரைவலை இழுக்கிறார்கள், கருவாடு காய்கிறது. பேய் நகரம் என்று சொன்ன வாயால் அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? ஏர்வாடி சந்தனக்கூடு, தேவிபட்டினம் நவபாஷாணம், கீழக்கரையின் பழைய பள்ளிவாசல், சீதக்காதி, 1897 ஜனவரி 26-ஆம் தேதி பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தரை வரவேற்ற பாஸ்கர சேதுபதி, இப்படி அடுக்கடுக்காகக் கிடக்கிறது, தொடுவார் இல்லை.

கச்சத்தீவுச் சோதனையில் பண்பாட்டுப் பாட்காஸ்ட் ஒரு இடத்தில் மற்ற எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறது. குடிநீரே இல்லாத, சுமார் 285 ஏக்கர் தீவில், வருஷத்துக்கு ஒரு முறை, தவக்காலத்தை ஒட்டி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கரை மக்களும் வந்து கூடுகிறார்கள். யாழ்ப்பாண மறைமாவட்டம் நடத்துகிறது, ராமேஸ்வரத்தில் இருந்து படகுகள் போகின்றன. கொடியேற்றம், சிலுவைப் பாதை, தேர்ப்பவனி, விடிந்தால் திருவிழாத் திருப்பலி. இதை விவரமாகக் கேட்கிறவருக்கு, அந்தக் கரை மீனவரை எதிரி என்று மட்டும் நினைக்க முடியாமல் போகும். அரசியல் பாட்காஸ்டில் இல்லாத எதிர்க்கரைக் குரல் இங்கே கிடைக்கிறது. அதற்காக இது இரண்டாம் இடம். பேருந்தில் மதுரை போய்வருகிற நேரம் இதற்குப் பொருத்தம், இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேட்க வேண்டிய வகை இது.

அன்றாடச் சந்தேகங்களைப் பேசுகிறவை நாலாவது வகை. ஏன் இப்படி இருக்கிறது, இது எப்படி வேலை செய்கிறது என்று சின்னச் சின்ன விஷயத்தைத் தோண்டுவது. நைன்ட்டி நைன் பர்சன்ட் இன்விசிபிள் 2010 முதல் இதைச் செய்கிறது, நம்மைச் சுற்றி இருந்தும் நாம் கவனிக்காத வடிவமைப்புகளைப் பற்றி. பிபிசியின் க்ரவுட்சயன்ஸ் நேயர்கள் அனுப்புகிற கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடிப் போகிறது.

கூட்டமாகக் கேட்பதற்கு இதை அடித்துக்கொள்ள வேறு வகை இல்லை. வலை தைக்கிற இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றால் பாம்பனில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றம் என்று செய்தி வரும், எல்லோரும் கேட்டிருப்போம். துறைமுக எச்சரிக்கை முறையை விளக்கிய ஒரு நிகழ்ச்சியைப் போட்டேன். 1-ஆம் எண் என்றால் தூரத்தில் புயல் உருவாக வாய்ப்பு, 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று, 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, 11-ஆம் எண் என்பது 10-ஐவிடப் பெரிய புயல் இல்லை, வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோனது என்பதைக் குறிப்பது என்றார்கள். அந்த இடத்தில் ஊசியை வைத்துவிட்டார் ஒரு பெரியவர். "அப்ப அறுபத்தி நாலுல அதைத்தான ஏத்தியிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு பாட்காஸ்ட் ஓடவில்லை, அவர் பேசினார், அடுத்தவர் பேசினார், ராத்திரியில் கூண்டுக்குப் பதில் சிவப்பு வெள்ளை விளக்கு எப்படிப் போடுவார்கள் என்பது வரை போனது. கேட்கிறவரைப் பேச வைக்கிறது இந்த வகை. அரசியல் போட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைதான் வரும், சட்டம் போட்டால் சிலர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

கச்சத்தீவைக்கூட இந்த வகையால் புதுசாகப் பார்க்க முடியும். நடுக்கடலில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள், எல்லை எங்கே என்று படகுக்கு எப்படித் தெரியும், ஜிபிஎஸ் கருவி காட்டினாலும் நீரோட்டம் இழுத்தால் என்ன ஆகும், கோட்டை எந்த ஆயப்புள்ளிகளை வைத்து இழுத்தார்கள். கடல் அட்டையும் அப்படித்தான். இங்கே 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், பிடித்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. அந்தக் கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கிறார்கள், பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். ஒரே கடல், ஒரே பிராணி, ஏன்? இந்த ஏன் என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் அறிவியல், சட்டம், வியாபாரம் மூன்றும் வந்துவிடும்.

இதன் குறை, ஆதாரம் சொல்லாமல் அடித்துவிடுகிறவர்கள் இந்த வகையில்தான் அதிகம். "உங்களுக்குத் தெரியுமா" என்று தொடங்கி, எங்கோ படித்ததை எங்கிருந்து என்று சொல்லாமல் விடுவது. யார் சொன்னது என்று ஒரு ஆளின் பெயரோ ஒரு நிறுவனத்தின் பெயரோ பத்து நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். தினமும் இதையே கேட்டால் நிறைய துணுக்குகள் சேரும், ஒன்றோடொன்று ஒட்டாது. மூன்றாம் இடம், ஆனால் கூட்டத்தில் கேட்பதாக இருந்தால் முதல் இடம்.

ஆளுக்கு ஆள் தேவையும் மாறும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைக்கு இன் ஃபோகஸ் மாதிரி ஒன்றும், கூடவே சட்டமும். பாசி எடுக்கப் போகிற அக்காமாருக்குக் கடலுக்குள் கேட்க வழியில்லை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்கிற கடல்பாசிகளைக் கரையில் உலர்த்துகிற நேரத்துக்குக் கதை வாசிப்பும், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காத் தீவுகளைச் சுற்றிப் போகக் கூடாத இடம் எது என்று சொல்கிற சட்டப் பேச்சும் இரண்டும் வேண்டும். ஆண்கள் வளைகுடாவில் இருக்கிற கீழக்கரை வீடுகளில், இங்கே ஒருவர் கேட்ட பகுதியை அங்கே அனுப்பி, ராத்திரி போனில் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், நல்ல பழக்கம்.

கடைசியாகக் கேட்கிற வழி. பலர் யூடியூபிலேயே கேட்கிறார்கள். திரையை அணைத்தால் நின்றுவிடும், அணைத்தும் ஓட வேண்டும் என்றால் பணம் கட்ட வேண்டும். படமும் சேர்ந்து ஓடுவதால் டேட்டா, பேட்டரி இரண்டும் கரையும். வெறும் ஒலியாக 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான் ஆகும், பேச்சுக்கு அது போதும். ஸ்பாட்டிஃபையில் பாட்டை இறக்கி வைக்கப் பணம் கேட்டாலும் பாட்காஸ்டை இலவசமாக இறக்கலாம். ஆண்ட்ராய்டு போனுக்கு நான் போட்டுக் கொடுப்பது ஆன்டெனாபாட். இலவசம், ஆப்பில் விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்க வேண்டியதில்லை, வைஃபை இருக்கும்போது புதுப் பகுதிகளைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டுவிட்டது, இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எந்த ஆப் என்றாலும் உங்கள் பட்டியலை ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள், நாளைக்கு அது மூடினாலும் பட்டியல் உங்களிடம் இருக்கும்.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும்போது கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே கரையில் இறக்கி வையுங்கள், ஒரு பகுதி இருபதில் இருந்து நாற்பது நிமிடம் இருந்தால் போதும், வலை போட்டு அடுத்த வேலை வருவதற்குள் முடிந்துவிடும். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு வீல் பிடிக்காதீர்கள். விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகு கூப்பிடுவது கேட்க வேண்டும். சின்ன ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்.